பாசம் மட்டும் போதுமா? பட்டிமன்றத்துல பயிற்சி வேணும்ங்கற அணியில பேசினது

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிக்கும், மொபைல சைலண்ட்ல போட்டுட்டு உக்காந்திருக்கிற நல்லவங்களுக்கும் வணக்கம். போடாதவங்களுக்கும் வணக்கம்.

இப்ப பேசிட்டு உக்காந்த எதிரணி அண்ணன் ஒன்னு கேட்டாரு, நீங்களும் கைத்தட்டுனீங்க, யார் யாருன்னு நான் பாத்து வச்சிருக்கேன். "புள்ளைங்களோட வேலை பாக்கறவங்களுக்கு மனசுல பாசம் இருந்தா போதும், குழந்தை பாதுகாப்பு பயிற்சின்னு ரெண்டு மணி நேரம் புரொஜெக்டர் பாத்து சர்டிபிகேட் வாங்கினா பாசம் வந்துடுமா? கதவ திறந்து வை, புள்ளையோட தனியா உக்காராதன்னு சொல்லித் தர்றாங்களே, அப்ப நாங்க எல்லாம் திருடனா?"

பாசம் வராதுண்ணே, ஒத்துக்கறேன். ஆனா பாசம் நிறைய இருக்கிற ஒரு மனுஷன் பயிற்சி இல்லாம என்ன பண்ணுவாருன்னு நான் நேர்லயே பாத்தேன்.

ஒரு பயிற்சி வகுப்பு. டீச்சருங்க, கோச்சுங்க, ஹாஸ்டல் வார்டன், வேன் ஓட்டற டிரைவர் எல்லாம் உக்காந்திருக்கோம். சொல்லித்தர வந்த அம்மா, "நான்தான் இப்ப பத்து வயசு புள்ள, யாராவது எதிர்ல வந்து உக்காருங்க"ன்னாங்க. ஒரு பி.டி. சார் வந்தாரு. ஆறடி, கழுத்துல விசிலு, தங்கமான மனுஷன். அந்தம்மா தலைய குனிஞ்சுகிட்டு மெதுவா, "சார் ஒன்னு சொல்லணும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க". ஒரு செகண்டு யோசிக்கணுமே! "ப்ராமிஸ்டா கண்ணா"ன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டாரு. அந்தம்மா, "ஒருத்தரு என்ன..." அவ்ளோதான் சொன்னாங்க, சார் எழுந்துட்டாரு! "யாரு? எப்ப? எங்க? அந்த வேன்காரனா?" நடுவர் ஐயா, நிஜ வேன்காரரு பக்கத்து சீட்ல உக்காந்திருக்காரு! அவரு மூஞ்சிய பாக்கணுமே, "சார் நான் இப்பதான் சார் வந்தேன்"ன்னு அவரும் எழுந்துட்டாரு. நம்மாளு விடல, "நீ பயப்படாத, அவன நான் பாத்துக்கறேன்"ன்னு சட்டைக்கைய மடிச்சுகிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு, எங்க போறோம்னு அவருக்கே தெரியல, வாசல்ல நின்னு திரும்பி பாக்கறாரு.

நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கறோம். அந்தம்மா சிரிக்கல. "சார், புள்ள இன்னும் எதுவுமே சொல்லலயே"ன்னாங்க.

இதுல எங்க பாசம் கொறஞ்சுது? வாசல் வரைக்கும் ஓடுச்சே! ஆனா அந்த ப்ராமிஸ காப்பாத்த முடியாது, நாளைக்கி மேல சொல்லித்தான் ஆகணும், அப்ப அந்த புள்ள ரெண்டாவது தடவ ஏமாறும். "வேன்காரனா"ன்னு பேர நாமளே எடுத்துக் கொடுத்தா, விசாரணையில இது நீங்க சொல்லிக்கொடுத்ததுன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. சம்பந்தப்பட்டவன்கிட்டயே போய் சட்டைய பிடிச்சா அவன் உஷாராயிருவான், போன்ல இருக்கறத அழிப்பான், புள்ள வாய அடைப்பான். வேண்டியது ரொம்ப கொஞ்சம்: வாய மூடிட்டு கேக்கணும், "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல"ன்னு சொல்லணும், புள்ள சொன்ன வார்த்தையிலயே தேதி நேரம் போட்டு அன்னிக்கே எழுதி, பொறுப்புல இருக்கிறவங்ககிட்ட கொடுக்கணும். விசாரிக்கறது நம்ம வேல இல்ல. இது தானா வராதுண்ணே.

டாக்டருங்களுக்கே வரல. 1946ல அமெரிக்காவுல ஜான் கேஃபின்னு ஒரு எக்ஸ்ரே டாக்டர், தலைக்குள்ள ரத்தம் கட்டுன கைக்குழந்தைங்களுக்கு கை கால் எலும்பும் முறிஞ்சிருக்குன்னு எழுதினாரு. இது பெரியவங்க அடிச்ச அடின்னு ஹென்றி கெம்ப்புன்னு ஒரு குழந்தைங்க டாக்டரும் அவரோட சேந்தவங்களும் உரக்கச் சொன்னது 1962ல. நடுவுல 16 வருஷம், படம் கையிலயே இருக்கு! அந்த டாக்டருங்களுக்கு பாசம் இல்லயா? எத பாக்கணும்னு யாரும் சொல்லித் தரல. 1962க்கு அப்பறம் அஞ்சே வருஷத்துல அங்க எல்லா மாநிலத்துலயும், சந்தேகம் வந்தா புகார் சொல்றதுக்குன்னு சட்டம் வந்துருச்சு.

சரி, "நாங்க திருடனா?" அண்ணன் ரொம்பத்தான் கோவப்பட்டாரு. 1989ல ஐ.நா. கொண்டு வந்த குழந்தை உரிமை உடன்படிக்கையில 19வது பிரிவு, பெத்தவங்க, கார்டியன், வேற யாரு பொறுப்புல இருந்தாலும் அவங்களால குழந்தைக்கு கெடுதல் வராம பாக்கணும்னு சொல்லுது. பெத்தவங்களையே சேத்து எழுதியிருக்கு, அவங்க யாரும் கோவிச்சுகிட்டு எழுந்து போகல! அண்ணே, பாசந்தான் தகுதின்னா, அதுல மொத மார்க் யாரு வாங்குவான் தெரியுமா? கெட்டவன். கிஃப்ட் வாங்கித் தருவான், எக்ஸ்ட்ரா கிளாஸ் ஃப்ரீன்னுவான், மொதல்ல அம்மா அப்பாகிட்ட நல்ல பேரு எடுப்பான், அப்பறந்தான் புள்ளகிட்ட "இது நமக்குள்ள ரகசியம்". வேலி மாதிரியே நிப்பான், பயிர மேஞ்சுட்டு போயிருவான். உங்களுக்கும் அவனுக்கும் வெளிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. கதவ திறந்து வச்சா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, அவனுக்குத்தான் இருக்கு.

லாஜிக்க விடுங்க, எனக்கு அதுல அவ்ளோ ஆர்வமில்ல. ஒரு புள்ள வந்து, "நாளைலேந்து நீச்சல் கிளாஸ் வேணாம்"னு சொல்லுது. நம்ம என்ன சொல்றோம்? "பணம் கட்டியாச்சு, ஒழுங்கா போ". அது திருப்பி, "வயிறு வலிக்குது". "நடிக்காத". அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்ச பாஷை. சின்னதா ஒன்ன சொல்லிட்டு நம்ம மூஞ்சிய பாக்கும். மூஞ்சி சுளிச்சா பெருச உள்ளயே வச்சுக்கும், சில பேரு தல நரைச்ச அப்பறமும் வெளிய சொல்லல.

அது கவுன்சிலர தேடிட்டு போகாது. தனக்கு யார ரொம்ப புடிக்குமோ அவங்ககிட்டதான் போகும். உங்கள மாதிரி ஆள்கிட்டண்ணே. பாசமா இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பயிற்சி மொதல்ல வேணும், ஏன்னா உங்ககிட்டதான் வந்து நிக்கும், "ஒன்னு சொல்லணும்"னு. அன்னிக்கி நீங்க என்ன பண்ணப் போறீங்க? சொல்லுங்கண்ணே. எங்க அணிக்கு தீர்ப்பு வரலன்னாலும் பரவால்ல, இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு போங்க. நடுவர் ஐயா மணி மேல கைய வச்சுட்டாரு, நான் உக்காந்துக்கறேன், நன்றி.