ஆசிரியர் குழுக்களில் எதைக் கற்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். சமூக ஊடகங்களைத் தொழில்சார் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவது குறித்துப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எல்லாத் தொழில்களையும் தொட்டுப் பேசும் தகுதி எனக்கு இல்லை. தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில், தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் நாள்தோறும் புழங்கும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களையும் யூடியூப் காணொளிகளையும் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அலுவலக வேலையாகச் சென்றுவிட்டால், ஐந்து வகுப்புகளும் ஒருவர் தலையில் வந்து விழும். கணக்குப் பாடத்தில் ஓர் ஐயம் எழுந்தால், பக்கத்து வகுப்பில் போய்க் கேட்பதற்கு ஆள் இராது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் வரும் வரையிலோ, வட்டார வள மையத்தில் பணியிடைப் பயிற்சி வரும் வரையிலோ அந்த ஐயத்தைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். போன இடத்திலும் அன்றைய பயிற்சிக் கட்டகத்தை முடிப்பதற்கே பொழுது சரியாக இருக்கும். இந்தத் தனிமையை உடைத்தது கைப்பேசிதான் என்பதை மறுக்க முடியாது. 2018ஆம் ஆண்டு க்யூஆர் குறியீடுகளோடு புதிய பாடநூல்கள் வந்தபோதும், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோதும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னபோதும், ஆசிரியர்கள் முதலில் திறந்து பார்த்தது தங்கள் குழுக்களைத்தான்.

அங்கே கிடைப்பவை என்னென்ன என்று பார்த்தால், பெரும்பாலும் செய்து முடித்த பொருள்கள். பாடக்குறிப்பு, பயிற்சித்தாள், வினாத்தாள், அட்டையில் வெட்டி வண்ணம் தீட்டிய துணைக்கருவியின் படம், குழந்தைகள் வரிசையாக நின்று பாடி ஆடும் காணொளி. இவற்றால் வேலை மிச்சமாகிறது; அது சிறிய நன்மை அல்ல. ஆனால் வேலை மிச்சமாவதும் தொழில் வளர்வதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. மற்றொருவர் எழுதிய பாடக்குறிப்பை அப்படியே இறக்கி, பெயரை மாற்றி, அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டால், மறுநாள் வகுப்பில் நான் நிற்கும் விதத்தில் எந்த மாற்றமும் நேர்வதில்லை.

ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் லைபீரியா நாட்டுத் தையற்காரர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களைக் கூர்ந்து கவனித்தார். பழகுநர்கள் பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற முடிவு வேலைகளில் தொடங்கி, பிறகு துணியை இணைத்துத் தைக்கவும், கடைசியாகவே துணியை வெட்டவும் கற்றார்கள். தவறினால் துணி வீணாகும் வேலை கடைசியில் வருகிறது என்பது ஒரு சூட்சுமம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: அவர்கள் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்ததால், அரைகுறையாகக் கிடக்கும் சட்டையும் வெட்டுமேசையில் கத்தரிக்கோல் தயங்கும் இடமும் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. நமது குழுக்களிலோ இஸ்திரி போட்டு மடித்த சட்டை மட்டுமே வந்து சேருகிறது. பாடம் எந்த இடத்தில் தடுமாறியது என்பதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

எப்போதாவது ஒருவர் போடுகிறார். நான் இருக்கும் குழு ஒன்றில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், ஒரு குழந்தையின் நோட்டுப் பக்கத்தைக் குழந்தையின் பெயர் வெளியே தெரியாதபடி படம் எடுத்துப் பகிர்ந்திருந்தார். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னதற்குக் குழந்தை 35 என்று எழுதியிருந்தது. ஒன்றுகள் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. பத்துகள் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. அந்தப் பக்கத்திலிருந்த எல்லாக் கணக்குகளும் இதே முறையில் செய்யப்பட்டிருந்தன. முதலில் சில கட்டைவிரல்கள் வந்தன. அவை எதைப் பாராட்டின என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அடுத்து, கடன் வாங்கிக் கழித்தல் பயிற்சித்தாள்கள் இரண்டு மூன்று வந்தன. அதன் பிறகுதான் மூத்த ஆசிரியர் ஒருவர், "அதே குழந்தையிடம் 52 குச்சிகளைக் கொடுத்து 27ஐ எடுக்கச் சொல்லிப் பார்த்தீர்களா டீச்சர்?" என்று கேட்டார்.

மறுநாள் மாலை அந்த ஆசிரியை பதில் எழுதினார். குழந்தை பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைத் தானாகவே அவிழ்த்து, எண்ணி எடுத்து, மீதம் 25 என்று சரியாகச் சொன்னதாம். பிறகு நோட்டைக் காட்டி எது சரி என்று கேட்டதற்கு, குச்சிக் கணக்குக்கு 25, நோட்டுக் கணக்குக்கு 35 என்று சற்றும் தயங்காமல் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நடந்த பேச்சை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. குழந்தைக்குக் கழிக்கத் தெரியும். குச்சிக் கட்டை அவிழ்ப்பதும் நோட்டில் ஐந்தை அடித்து நான்கு என்று எழுதுவதும் ஒரே செயல் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை என்று புரிந்தவுடன், பயிற்சித்தாள்கள் எல்லாம் பொருளற்றுப் போயின. குச்சியில் ஒவ்வோர் அசைவும் நடந்தவுடன் அதை நோட்டில் எழுத வைக்கலாம் என்றார் ஒருவர். எழுதுவதைச் சில நாள் நிறுத்திவைப்பதே நல்லது என்றார் இன்னொருவர். இருவரும் கடைசி வரை உடன்படவில்லை, அது நல்லதுதான். பாட அறிவும் கற்பிக்கும் உத்தியும் தனித்தனியே இருந்தால் போதாது, இந்தப் பாடத்தில் மாணவர் எங்கே, எப்படி வழுக்குவார் என்று அறிவதே ஆசிரியருக்கு உரிய சிறப்பறிவு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அந்த அறிவு ஒரு கைப்பேசித் திரையில் உருவாவதை அன்று பார்க்க முடிந்தது.

இப்படிப்பட்ட கேள்விகள் ஏன் அரிதாக இருக்கின்றன? வாட்ஸ்அப் குழுவில் இப்போது 1,024 பேர் வரை சேரலாம். ஆயிரம் பேர் முன்னிலையில் என் வகுப்புக் குழந்தைக்குக் கழித்தல் வரவில்லை என்று எழுதுவதற்கு யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். போதாக்குறைக்குச் சுற்றறிக்கையும் எமிஸ் எனப்படும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவதற்கான நினைவூட்டலும் அதே குழுவில் வருகின்றன. அலுவலர்களும் அங்கே இருக்கிறார்கள். மதிப்பிடுகிறவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் தம் வெற்றிகளைத்தான் காட்டுவார். இதில் ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது, அலுவலரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வெவ்வேறு பணிகளை ஒரே குழுவில் திணித்ததுதான் சிக்கல்.

காணொளிகளைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. குழந்தைகளின் முகமும் பெயரும் தெரியும்படி வகுப்பறைக் காட்சிகளை யூடியூபிலும் முகநூலிலும் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், படிக்கத் திணறும் ஒரு குழந்தையின் முகம் பல ஆண்டுகள் கழித்தும் இணையத்தில் கிடக்க வேண்டிய தேவை என்ன? நோட்டின் ஒரு பக்கம் போதும்.

குழுவில் எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களைச் சிலர் கடிந்துகொள்கிறார்கள். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர் ஓரமாக இருந்து கவனிப்பதும் கற்றலின் ஒரு பகுதிதான். அந்த 35ஐப் பற்றிய உரையாடலை வாய் திறக்காமல் படித்த எத்தனையோ பேர் மறுநாள் தங்கள் வகுப்பில் குச்சிக் கட்டைத் தேடியிருக்கக்கூடும்.

ஆகவே என் வேண்டுகோள் மிகவும் சிறியது. ஒவ்வொரு குறுவள மையத்திலும் சுற்றறிக்கைக்கு ஒரு குழு இருக்கட்டும். அதற்கு வெளியே, அலுவலர்கள் இல்லாமல், இருபது முப்பது ஆசிரியர்கள் மட்டும் கொண்ட இன்னொரு குழு இருக்கட்டும். அங்கே பயிற்சித்தாள்களை அனுப்புவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் குழுவில் வந்த கேள்விகளுள் ஒன்றை, உரிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் பேசலாம். எங்கள் பகுதியில் வருகிற கல்வியாண்டில் இதைத் தொடங்க நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.