வடகம் காயும் வெயில்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் திருப்பாதிரிப்புலியூர். மின்வாரியத்தில் 32 வருஷம் லைன் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றேன். கம்பம் ஏறுகிறவனுக்கு மதியச் சாப்பாடு எந்த ஊரில், யார் வீட்டுத் திண்ணையில் என்று காலையில் தெரியாது. அப்படி ஊர் ஊராகச் சாப்பிட்டதில் எனக்குச் சாப்பாட்டின் மேல் ஒரு பிரியம் உண்டாகி, அப்புறம் நானே சமைக்கவும் ஆரம்பித்துவிட்டேன். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்: வடகம், கருவாட்டுக் குழம்பு, அப்புறம் வெளியூரில் சாப்பிட்டது.

போன தீபாவளி முடிந்து மகளும் மருமகனும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு நாள் புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கிற ஒரு வீதியில் உணவகம் ஒன்றுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டியலில் ‘வடுவான் இறால்’ என்று இருந்தது. பரிமாற வந்த பிள்ளையிடம், “வடுவான்னா என்ன தம்பி?” என்று கேட்டேன். “பிரெஞ்சு மசாலா சார்” என்றார். சரி, கொண்டு வாங்க என்றேன்.

முதல் வாய் வைத்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், சீரகம். மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இது நம்ம ஆயா வடகம்ப்பா” என்றாள்.

வடகமேதான். 1954 நவம்பர் 1 வரைக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இங்கே இருந்தவர்கள் நம் வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள், தாளிப்பின் வாசனை பிடித்திருக்கிறது, பேரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வடகம் அவர்கள் வாயில் வடுவான் ஆகிவிட்டது. இன்றைக்கு பிரான்சில் பெரிய பெரிய சமையல்காரர்கள் அதை மீனுக்கும் கறிக்கும் போடுகிறார்கள். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. எங்கள் அம்மா உரலில் இடித்த சாமான் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, பீங்கான் தட்டில் என் முன்னால் இருக்கிறது!

ஆனாலும் ஒரு குறை இருந்தது. சாப்பிட்டு முடித்து, சமையல் செய்தவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். நல்ல மனுஷர், வெளியே வந்தார். எப்படிக் காய வைக்கிறீர்கள் என்றேன். ஓவனில் என்றார். விளக்கெண்ணெய் சேர்ப்பீர்களா என்றேன். இல்லை என்றார். அந்த இரண்டும்தான் குறை. வெயிலும் விளக்கெண்ணெயும். வெங்காயம் அதில் இனித்தது, வாசனையும் இருந்தது. பத்து நாள் வெயில் குடித்த வடகத்தில் ஒரு ஆழம் இருக்கும் பாருங்கள், அது மட்டும் அதில் வரவில்லை.

வடகம் என்று நான் சொல்வது எது என்பதில் ஒரு சந்தேகம் வரலாம். தெற்கத்திச் சீமையில் வடகம் என்றால் கூழ் காய்ச்சி ஊற்றிக் காயவைத்துப் பொரித்துத் தின்பது. நான் சொல்வது தாளிப்பு வடகம். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம், வட ஆற்காடு, செங்கல்பட்டு, புதுச்சேரி, இங்கெல்லாம் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற உருண்டை. குழம்பு இறக்குகிற நேரத்தில் எண்ணெயில் உதிர்த்துப் போட்டுக் கொட்டுவது.

எங்கள் வீட்டில் 5 கிலோ சின்ன வெங்காயத்துக்குப் போடுவோம். பூண்டு 1 கிலோ. தோல் உளுந்து உடைத்தது அரைக் கிலோ. கடுகும் சீரகமும் கால் கால் கிலோ. வெந்தயம் 100 கிராம், அதற்கு மேல் போனால் கசக்கும். கல் உப்பு, மஞ்சள் தூள், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போடுகிறவர்கள் ஒரு சுற்று, அவ்வளவுதான். கூழாகிவிட்டால் அது வடகம் இல்லை, சட்னி. எல்லாவற்றையும் கலந்து பானையில் மூடி ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் மூடியைத் திறந்தால் வெங்காயம் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். இதைத் திரும்பவும் சொல்கிறேன், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உருண்டை பிடித்து வெயிலில் வைத்துவிட்டு, சாயங்காலம் உருண்டைகளை உடைத்து அதே தண்ணீரில் போட்டுப் பிசைந்து மூடிவிட வேண்டும். மறுநாள் மறுபடி உருண்டை, மறுபடி வெயில். மூன்று நான்கு நாளில் தண்ணீர் முழுக்க வடகத்துக்குள் போய்விடும். பத்து நாளில் நிறம் கறுத்துவிடும். கடைசியில் கையில் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டு உருட்டி, இன்னும் இரண்டு வெயில் காட்டி, ஜாடியில் போட்டுவிட்டால் ஒரு வருஷம் அசையாது. பூச்சி வராது.

இதில் அடுப்பே இல்லை, கவனித்தீர்களா? வெயில்தான் சமைக்கிறது. அதனால்தான் சித்திரை வெயிலுக்குக் காத்திருப்பது.

அந்தச் சித்திரையிலேதான் நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. ஏப்ரல் 15-இல் ஆரம்பித்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்கான காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். கட்டுமரத்திலும் நாட்டுப் படகிலும் வருகிற மீன் கொஞ்சம் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். அப்போது வீட்டில் என்ன குழம்பு? கருவாடுதான். சோனாங்குப்பத்திலும் தாழங்குடாவிலும் எந்த வெயிலில் கருவாடு காய்கிறதோ, அதே வெயிலில் எங்கள் தெரு மொட்டை மாடியில் வடகம் காயும். இரண்டும் ஒரே வெயிலின் பிள்ளைகள். ஒரே சட்டியில் சேரும்போது ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும் என்று எனக்குத் தோன்றும்.

அதை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது தானே புயல் சமயத்தில். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயலில் கிடந்தன. வேலைக்கு மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என் கூட எட்டுப் பேர். திருநெல்வேலிக்காரர் இரண்டு பேர், கோயம்புத்தூர்க்காரர் மூன்று பேர், மற்றவர்கள் எங்கள் ஆட்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பண்ருட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஊருக்கு அன்றோடு இரண்டு வாரமாகக் கரண்ட் இல்லை. காலையில் பொட்டலச் சோறு வரும் என்றார்கள், மத்தியானம் 2 மணி ஆகியும் வரவில்லை. நான் மேலே கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே ஒரு வீடு. வீடு என்று சொல்ல முடியாது, கூரை போய்விட்டது, நாலு சுவரும் மேலே ஒரு தார்ப்பாயும். வாசலில் ஒரு பலாமரம் படுத்துக் கிடந்தது. அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேயிருந்து ஒரு வாசனை மேலே வந்தது. நல்லெண்ணெயில் வடகம் பொரிகிற வாசனை. கம்பத்தின் உச்சியில், அந்தக் காற்றில், இடுப்பில் பெல்ட் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு எங்கள் அம்மா நினைவு வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கீழேயிருந்து ஒரு குரல். “ஏம்ப்பா, எறங்கி வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டு ஏறு.”

“இருக்கட்டும் ஆயா, ஒங்களுக்கே இருக்காது.”

“ஆக்கிட்டேன்ப்பா. எல்லாரும் வாங்க.”

எழுபது வயசுக்கு மேல் இருக்கும் அந்த ஆயாவுக்கு. கீழே சாய்ந்து கிடந்த பலாமரத்தின் மேலேயே எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். அது அவருடைய மாமனார் வைத்த மரமாம். காய்ந்த மொச்சையும் நெத்திலிக் கருவாடும் போட்ட குழம்பு, ரேஷன் அரிசிச் சோறு. வேறு ஒன்றும் கிடையாது. புயல் ராத்திரியில் பாத்திரம் பண்டமெல்லாம் பறந்துவிட்டதாகவும், அரிசி வைத்திருந்த தகர டிரம் மட்டும் மூலையில் நின்றதாகவும் சொன்னார். வடகத்தை அவர் அந்த அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார். அரிசியும் வடகமும் பிழைத்துக்கொண்டன. அன்றைக்கு அந்தக் குழம்பில் தக்காளி இல்லை, தேங்காய் இல்லை, கறிவேப்பிலைகூட இல்லை. ஒரு நெல்லிக்காய் அளவு வடகம்தான் அதற்கு எல்லாமாக இருந்தது.

திருநெல்வேலித் தம்பி, “ஆச்சி, இது என்ன மணம்?” என்று கேட்டார். வடகம் என்றதும், “வடகத்தைப் பொரிச்சுல்லா திம்போம்?” என்றார். ஆயா எழுந்து போய் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அவர் மோந்து பார்த்துவிட்டு, தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் காட்ட வேண்டும் என்றார். நாங்கள் பணம் கொடுத்துப் பார்த்தோம், ஆயா வாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் முதலில் விளக்கு எரிந்தது. அதை நான் கேட்டுத்தான் செய்தேன், சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்கு அப்புறம் எத்தனையோ இடத்தில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சுவைக்குப் பக்கத்தில் வந்தது எங்கள் வீட்டில் வைக்கிறதுதான், அதுவும் வடகம் புதுசாக இருக்கிற மாசங்களில்.

அந்தக் குழம்பைச் சொல்லிவிடுகிறேன். கருவாட்டை வெந்நீரில் போட்டு மண் போக நாலு தடவை கழுவுங்கள். மொச்சையை ராத்திரியே ஊறவைத்து முதலில் வேகவிட வேண்டும். கத்தரிக்காய் இருந்தால் சேர்க்கலாம். புளி கரைத்து, மிளகாய்த் தூள் போட்டுக் கொதித்து வாசனை அடங்கியதும் கருவாடு. உப்பு கடைசியில். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது, கொதித்து முடித்து ருசி பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இறக்குகிற நேரத்தில் தனியாக ஒரு கரண்டியில் நல்லெண்ணெய், அதில் வடகம். தீ சின்னதாக இருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் இருக்கிற சாமான், கடுகு மாதிரி நின்று வெடிக்காது, சட்டென்று தீய்ந்துவிடும். தீய்ந்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். கடுகு பொரிந்து, வெங்காயம் காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்ததும் அப்படியே குழம்பில் கொட்டி மூடிவிடுங்கள். பத்து நிமிஷம் திறக்காதீர்கள். கருவாடு சாப்பிடாதவர்கள் முருங்கைக்கீரைக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்புக்கும் இதே தாளிப்பைப் போடலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. மூன்றாவது விஷயத்துக்கு அரை மணி நேரம் வேண்டும் எனக்கு. வேகமாகச் சொல்கிறேன். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு டியூட்டி போட்டால் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் கிடைக்கும். மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த அந்தச் சாதத்துக்குக் கொத்சைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. வடலூரில் தைப்பூசத்துக்கு லைன் பார்க்கப் போவோம். வள்ளலார் 1867 மே 23-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. பசி என்று போகிற யாருக்கும் அங்கே சோறு உண்டு. நடுராத்திரி வேலை முடித்து அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தனியாக ஒரு நாள் சொல்ல வேண்டும். புதுச்சேரி ரொட்டியைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், அது இன்றைக்கு ஆகாது.

வடகத்தில் ஒன்று விட்டுவிட்டேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாள் காக்கா வரும். ஒரு குச்சியில் கறுப்புத் துணியைக் கட்டிப் பாய்க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வெயில் இறங்குவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள், பனி பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் பால்கனியில் மத்தியானம் எந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். என் மகள் சென்னையில் அப்படித்தான் போடுகிறாள், ஒரு கிலோ வெங்காயத்துக்கு. நன்றாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டில் வெங்காயம் வாங்கியாகிவிட்டது, நாளைக்குக் காலையில் உரிக்க உட்காருகிறோம். வணக்கம்.