எம்பிசி டியூனிங்: லாம்டா எண் எங்கிருந்து வருகிறது?

[திரையில்: திருமங்கலம் சாலையில் பால் டேங்கர். அடுத்து, பாஸ்ச்சரைசரின் ஸ்டீம் வால்வு.]

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு பால் ஆலை என்று வைத்துக்கொள்வோம். பால் 72 டிகிரியில் 15 விநாடி நிற்க வேண்டும். சூடு குறைந்தால் திசைமாற்று வால்வு பாலை மறுபடி பேலன்ஸ் டேங்குக்கே திருப்பிவிடும். ஸ்டீம் வால்வை எம்பிசி (மாடல் பிரிடிக்டிவ் கண்ட்ரோல்: ஆலையின் கணித மாடலை வைத்து முன்கூட்டியே கணித்து இயக்கும் முறை) கண்ட்ரோலரிடம் ஒப்படைக்கிறோம். ஒரே வால்வுக்கு வழக்கமான பிஐடி கண்ட்ரோலர் போதாதா என்பீர்கள். போதும்தான். ஆனால் டியூனிங்கை, அதாவது கண்ட்ரோலரின் எண்களைச் சரிசெய்வதை, காட்ட இதுதான் வசதி.

எம்பிசி வரப்போகும் பி படிகளுக்கு வெப்பநிலையைக் கணிக்கும். எம் தடவை வால்வை அசைக்கத் திட்டமிடும். முதல் அசைவை மட்டும் செய்துவிட்டு, அடுத்த சாம்பிளில், அதாவது அடுத்த அளவீட்டில், புதிதாகக் கணக்குப் போடும். வால்வை ரொம்ப ஆட்டினால் அபராதம் உண்டு. அதன் அளவுதான் லாம்டா.

[திரையில்: ஸ்டெப் டெஸ்ட் வரைபடம்]

வால்வை 5% கூடுதலாகத் திறக்கிறோம். 12 விநாடி எதுவும் நடக்கவில்லை: டெட் டைம். அப்புறம் ஏறத் தொடங்கி, மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட 60 விநாடி: டைம் கான்ஸ்டன்ட். கடைசியில் 4 டிகிரி ஏறி நின்றது. நாலை ஐந்தால் வகுத்தால் கெயின், அதாவது வால்வின் ஒரு சதவீதத்துக்கு எத்தனை டிகிரி என்பது, 0.8.

இந்த மூன்று எண்களிலிருந்தே மற்றதைக் கணக்கிட 1997-இல் ஸ்ரீதர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு முறை தந்தார்கள். டைம் கான்ஸ்டன்டில் பத்தில் ஒரு பங்கு, டெட் டைமில் பாதி, இரண்டில் பெரியது சாம்பிள் நேரம். இங்கே இரண்டுமே 6 விநாடி. பி 53 வருகிறது. எம் 4 என்று எடுத்துக்கொள்கிறேன்.

[திரையில்: லாம்டா = காரணி × கெயினின் வர்க்கம்]

இப்போது லாம்டா. எம், டைம் கான்ஸ்டன்ட், சாம்பிள் நேரம் மூன்றும் சேர்ந்து தரும் காரணி 0.284. கெயினின் வர்க்கம் 0.64. பெருக்கினால் சுமார் 0.18.

அந்த வர்க்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே வால்வைச் சதவீதத்தில் சொல்லாமல் 0 முதல் 1 வரை என்று எழுதினால் கெயின் 80 ஆகிவிடும். லாம்டா 10,000 மடங்கு பெருத்து 1,800-ஐத் தாண்டும். ஆலை அதே ஆலை, கண்ட்ரோலரின் நடத்தையும் அதே. ஆகவே "எங்கள் ஆலையில் லாம்டா 0.2, அருமையாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால், முதலில் அலகைக் கேளுங்கள்.

சரி, ஓட்டிப் பார்த்தாயிற்று. வால்வு படபடவென்று ஆடினால் லாம்டாவை இரட்டியுங்கள். மந்தமாக இருந்தால் பாதியாக்குங்கள். பி, எம் இரண்டையும் தொட வேண்டாம். மூன்றையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது. லாம்டாவை எவ்வளவு ஏற்றியும் ஊசலாட்டம் அடங்கவில்லையா? மாடலை, அதாவது ஸ்டெப் டெஸ்டில் எடுத்த அந்த மூன்று எண்களைச் சந்தேகப்படுங்கள், குறிப்பாக டெட் டைமை. பால் ஓட்டத்தின் வேகம் மாறினால் அதுவும் மாறும்.

இன்னொன்று. இந்தச் சூத்திரம் வரம்புகளைக் கணக்கில் எடுப்பதில்லை. வால்வு 100 சதவீதத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றால், டியூனிங் திரையை மூடிவிட்டு பாய்லரில் ஸ்டீம் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள்.