மொட்டைமாடியில் பறித்த காய், அரை மணியில் மதியச் சமையல்

எல்லாருக்கும் வணக்கம். இப்போது காலை ஆறரை மணி. திருச்சியில் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் சற்று நேரம் போனால் இந்த மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் பறித்துக்கொண்டே பேசுகிறேன், நீங்களும் கூடவே வாருங்கள்.

கூடையைக் காட்டுகிறேன், பாருங்கள். ஏழெட்டு வெண்டைக்காய். ஒரு பீர்க்கங்காய். கத்தரிக்காய் இரண்டு. ஒரு கைப்பிடி கொத்தவரங்காய். வெள்ளரிப் பிஞ்சு ஒன்று. மாடித்தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் இது பழக்கமான கூடைதான். எதை எடுத்தாலும் கால் கிலோ தேறாது. ஆனால் சமையல் குறிப்பைத் திறந்தால் முதல் வரியே "வெண்டைக்காய் கால் கிலோ" என்றிருக்கும். அதற்காகப் பலர் நான்கு நாள் பறித்து ஃபிரிட்ஜில் சேர்த்து வைக்கிறார்கள். நான்காம் நாள் வரும்போது முதல் நாள் காய் வாடிப்போய், நுனி கறுத்துக் கிடக்கும். பிறகு கடைக் காய்க்கும் வீட்டுக் காய்க்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்? குறிப்புக்காகக் காயைச் சேர்க்காதீர்கள். காலையில் கூடையில் என்ன விழுந்ததோ அதைப் பார்த்து மதியச் சமையலை முடிவு செய்யுங்கள். இன்றைக்கு இந்தக் கூடையை வைத்து மூன்று பேருக்குச் சாப்பாடு செய்யப்போகிறேன்.

முதலில் வெண்டை. இந்த வெயிலில் வெண்டைக்காய் நீளுகிற வேகம் யாருக்கும் காத்திருக்காது. பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நார் ஏறிவிடும். நுனியைக் கிள்ளிப் பார்க்கிறோமே, அதைக் கடையில் செய்தால் கடைக்காரர் முறைப்பார். இங்கே நம் செடிதான், தாராளமாகக் கிள்ளலாம். இதோ, 'டக்' என்று உடைகிறது. இது சமையலுக்கு. பக்கத்தில் இருப்பது வளைகிறது, உடைய மறுக்கிறது. அதை இனி சமைக்க முடியாது. செடியிலேயே விட்டுவிடுங்கள், முற்றிக் காய்ந்ததும் அடுத்த பட்டத்துக்கு விதையாகும்.

பீர்க்கங்காய்க் கொடியையும் கொஞ்சம் பாருங்கள், எனக்கு இந்தத் தோட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். இதன் மஞ்சள் பூ சாயங்காலம்தான் விரியும். பூவுக்குக் கீழே விரல் அளவு குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. நகரத்து மாடியில் அந்நேரத்துக்கு வண்டோ பூச்சியோ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அந்த மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் லேசாகத் தொட்டுவிட்டால் போதும், காய் பிடித்துக்கொள்ளும். பறிக்கும்போது மேலே இருக்கிற வரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் பிஞ்சு. இன்றைய காய் நன்றாக அமுங்குகிறது, அதனால் தோலையும் வீணாக்கப்போவதில்லை.

சரி, அடுப்படிக்கு வந்துவிட்டோம். அரிவதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பீர்க்கு, சுரை, வெள்ளரி, புடலை, இந்தக் கொடிக்காய்கள் எதுவானாலும் சிறு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். இந்த வகைக் காய்களில் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. சாதாரணமாக மிகக் குறைவாகத்தான் இருக்கும். கடும் வெயிலில் செடி தண்ணீருக்குத் தவித்தால் அது கூடிவிடும். கடுமையாகக் கசந்தால் உடனே துப்பிவிட்டு, காயை முழுவதுமாக உரக்குழிக்குக் கொடுத்துவிடுங்கள். வேகவைத்தாலும் உப்பு, புளி சேர்த்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பைப் படுத்திவிடும். கஷ்டப்பட்டு வளர்த்த காயாயிற்றே என்று மனது கேட்காதுதான். ஆனாலும் தூக்கிப் போடுங்கள். பாகற்காயின் கசப்பு வேறு. அது பிறவிக் கசப்பு, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

இந்தப் பீர்க்கங்காய் இனிக்கிறது. ஆரம்பிக்கலாம்.

ஒரு சிறிய குவளை பாசிப்பருப்பு. இதைக் குக்கரில் போடாமல் திறந்த பாத்திரத்திலேயே வேகவைக்கிறேன். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. கால் மணி நேரத்தில் மலர்ந்துவிடும். மசிய வேண்டாம், விரலால் நசுக்கினால் நசுங்குகிற பதம் போதும். அதற்குள் காயின் தோலைச் சீவி இந்தத் தட்டில் தனியாக வைத்துவிட்டு, சதையைப் பெரிய துண்டுகளாகவே அரிகிறேன். பீர்க்கங்காயைப் பொடியாக அரிந்தால் வெந்தபின் பாத்திரத்தில் தேடவேண்டியிருக்கும். அவ்வளவு சுருங்கும். முக்கால்வாசி வெந்த பருப்பில் காயைப் போட்டு மூடுகிறேன். தண்ணீர் ஊற்றவில்லை, கவனித்தீர்களா? காயிலிருந்தே விடும். இரண்டு நிமிடம் கழித்துத் திறக்கிறேன்... பாருங்கள், பாத்திரம் நிறைய இருந்தது பாதிக்கு இறங்கிவிட்டது. இப்போதுதான் உப்பு. பச்சையாக மலைபோல் இருக்கும்போது கண் அளவில் உப்பைப் போட்டால் கரித்துவிடும்.

தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் அரைக் கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று. கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கூட்டு தயார். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, சாம்பார்ப்பொடி இல்லை. சிலர் கரம் மசாலாகூடப் போடுகிறார்கள். காலையில் கொடியில் தொங்கிய காய்க்கு அது அநியாயம். இதற்கென்று ஓர் இனிப்பு இருக்கிறது, அது தெரிய வேண்டும். மூன்று நாள் பழைய காய்க்கு வேண்டுமானால் மசாலா தேவைப்படலாம்.

இப்போது தோல். வரம்பின் ஓரம் கடினமாக இருந்தால் அதை மட்டும் நீக்கிவிடுங்கள். வாணலியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டேன். அதே எண்ணெயில் பெருங்காயம், தோல். பச்சை வாசனை போய், தோல் நிறம் மாறிச் சுருண்டு வரும்வரை பொறுமையாக வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் துவையலில் புல் வாசனை நின்றுவிடும். ஆறியதும் கோலி அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு, மிளகாயோடு அரைத்து, கடைசிச் சுற்றில்தான் பருப்பைச் சேர்க்க வேண்டும். பருப்பு ஒன்றிரண்டாக உடைந்து பல்லில் படவேண்டும். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. சுடு சோறு, நல்லெண்ணெய், இந்தத் துவையல். எனக்குக் கூட்டைவிட இதுதான் உசத்தி. ஒரே காயில் இரண்டு பதார்த்தம் ஆயிற்று பாருங்கள்.

கத்தரிக்காய் இரண்டும் இலவம்பாடி முள் கத்தரி. வேலூர்ப் பக்கத்து ரகம், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் இருக்கிறது, பிடிக்கும்போது பார்த்துப் பிடியுங்கள். சதைப்பற்றுள்ள காய், இரண்டே இரண்டு இருக்கும்போது சுடுவதைவிட எளிய வழி கிடையாது. எண்ணெய் தடவி, கத்தியால் நீளவாக்கில் இரண்டு கீறல் போடுகிறேன். உள்ளே புழு இருந்தால் தெரிந்துவிடும், நெருப்பில் வெடிக்கவும் செய்யாது. அடுப்புத் தீயிலேயே நேரடியாக வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். இந்தச் சத்தம் கேட்கிறதா? தோல் கரிந்து, காய் தொய்ந்து, காம்பருகே சாறு கொப்புளிக்கிறது. அதுதான் பதம். ஒரு கிண்ணத்தால் மூடி ஐந்து நிமிடம் விட்டால் தோல் தானாகக் கழன்று வரும். கையால் மசித்து, நான்கு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், உப்பு, இரண்டு கரண்டி கெட்டித் தயிர். மேலே பச்சை நல்லெண்ணெய் ஒரு சொட்டு. முடிந்தது.

வெண்டைக்காயில் கொழகொழப்பு வருகிறது என்று புலம்பாத வீடு இல்லை. அந்தக் கொழகொழப்பு தண்ணீரில்தான் ஊறிப் பெருகும். ஆகவே அரிந்தபின் கழுவாதீர்கள். முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு அரியுங்கள். அகலமான இரும்பு வாணலி, தீ நன்றாக இருக்கட்டும், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவட்டும். மூடி போட்டால் ஆவி தண்ணீராகித் திரும்ப விழும், அதனால் மூடியே வேண்டாம். அடிக்கடி கிளறவும் வேண்டாம். ஓரம் சிவந்த பிறகு உப்பு. முதலிலேயே போட்டால் உப்பு காயின் நீரை இழுத்துவிடும். ஏழெட்டுக் காய் வதங்கினால் ஒரு ஆள் பொரியலுக்குக்கூட வராது, தெரிந்ததுதான். அதனால் கடுகு, கறிவேப்பிலை தாளித்த தயிரில் கலந்துவிடுகிறேன், மூன்று பேருக்கும் வரும். பரிமாறுகிற நேரத்தில் கலந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும். கத்தரிக்காயிலும் தயிர், இதிலும் தயிரா என்று நினைத்தால் கத்தரிக்காய்க்குத் தயிருக்குப் பதில் புளித்தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வெயிலுக்கு எனக்கு இரண்டிலும் தயிர் இருப்பதில் ஆட்சேபமே இல்லை. வெள்ளரிப் பிஞ்சை நீளமாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தட்டோரம் வைத்துவிடுகிறேன். அதற்குச் சமையலே தேவையில்லை.

மீதி இருப்பது கொத்தவரங்காய். இன்று இதைச் சமைக்கப்போவதில்லை. காயைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, சேர்த்து வைக்கத் தகுந்த வழி ஒன்று உண்டு. செடியை வாட்டுகிற வெயில்தான் வற்றலுக்கு ஏற்ற வெயில். காம்பையும் நாரையும் கிள்ளி, உப்பு, மஞ்சள்தூள் போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் விட்டு வடித்துவிடுங்கள். உப்புப் போட்ட புளித்த கெட்டி மோரில் இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் மோரை வடித்துக் காயைத் தட்டில் பரப்பி மாடியில் வையுங்கள், மோரையும் பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் வெயிலில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் காய்ந்த காயைத் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் காயில் ஏறும்வரை இப்படியே செய்து, பிறகு உடைத்தால் ஒடிகிற அளவுக்குக் காயவிட வேண்டும். லேசாக ஈரம் இருந்தாலும் டப்பாவில் பூசணம் பிடித்துவிடும். மெல்லிய வெள்ளைத் துணி போர்த்துங்கள், காகத்துக்கும் தூசிக்கும். ஐப்பசி மழையில் செடியில் ஒன்றும் இல்லாத நாளில் வத்தக்குழம்பு வைக்கும்போது இந்த டப்பாவைத் திறப்பீர்கள்.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாக: இந்த மாதம் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். பைகளில் மண் தெரியாதபடி காய்ந்த இலைச் சருகைப் போட்டு மூடுங்கள். பச்சை நிழல்வலை கட்ட முடிந்தால் நல்லது. நண்பகலில் இலை தொங்குகிறதே என்று பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள், பல செடிகள் மாலையில் தானே நிமிர்ந்துவிடும். மாலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சோறு வடித்தாகிவிட்டது. வெண்டைக்காயைத் தயிரில் போடுகிறேன், வீட்டில் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்கிறது. வற்றல் காய்ந்து முடிந்ததும், அதை எண்ணெயில் பொரித்துக் குழம்பு வைப்பது வரைக்கும் அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். சாப்பிடப் போகிறேன், வணக்கம்.