மதுரையை மதுரைக்காரர் பார்ப்பது எப்போது?

(உலகச் சுற்றுலா நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவிற்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரையைச் சுருக்கமாக முடித்து எனக்கு வழிவிட்ட வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய பெரியவர் அவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் அமர்ந்து நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குத் தமிழ் கற்பித்த தலைமையாசிரியை அம்மையார் உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று பேசும்போது சந்திப்பிழை வந்துவிடுமோ என்ற பழைய அச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர்கள் ஆசியோடு தொடங்குகிறேன்.

நம் நகரில் குடும்பத்தோடு கண்டு மகிழத்தக்க இடங்களைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியுள்ளேன். ஒன்று, நம் வரலாற்றுச் சின்னங்கள். இரண்டு, பிள்ளைகள் ஓடியாடுவதற்கான இடங்கள். மூன்று, அங்கெல்லாம் போய்வருவதற்கான பேருந்து வசதி.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். மதுரைக்கு இந்தப் பழமொழி பொருந்துவதுபோல் வேறெந்த ஊருக்கும் பொருந்தாது. பிரான்சிலிருந்து வருகிறவர் ஆயிரங்கால் மண்டபத்தில் அரை நாள் நின்று தூண்களைப் படமெடுக்கிறார். அங்கே உள்ளவை 985 தூண்கள் என்பதையும் அவரே நமக்குச் சொல்கிறார். நாமோ அம்மனைத் தரிசித்துவிட்டுப் புதுமண்டபத்துப் பக்கம் வெளியேறி, பருத்திப்பால் குடித்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1636-ஆம் ஆண்டில் எழுந்த அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துச் சென்றார்; எஞ்சியதைப் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்தார். பிள்ளைகளிடம் இந்த ஆண்டுகளையெல்லாம் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். தனியாகக் கட்டிப்பிடிக்க முடியாமல், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு சுற்றளவு பார்ப்பார்கள். அந்த அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று என்று வழிவழியாகச் சொல்கிறோம். நீரில்லாத ஆண்டுகளில் அதற்குள் கிரிக்கெட் ஆடிய தலைமுறை இந்த மண்டபத்திலேயே இருக்கிறது.

காந்தி நினைவு அருங்காட்சியகத்தை ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தியடிகள் உடுத்தியிருந்த, குருதி படிந்த ஆடை அங்கே இருக்கிறது. நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. கீழடி அருங்காட்சியகமும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. அது சிவகங்கை மாவட்டம் என்று யாரும் எழுந்து சொல்ல வேண்டாம், நம் வாசற்படியில் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு என்னும் குகையிலுள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தையும், அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் காலை எட்டு மணிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. மாங்குளத்தில் பாறையில் வெட்டிய, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளையும், 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் விரித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் அதற்கு முன் உங்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு எங்கள் குடும்பம் முழுவதும் பாறைச் சிற்பம் ஒன்றைப் பார்க்க ஒரு மலையடிவாரத்திற்குப் போனோம். எந்த மலை என்று கேட்காதீர்கள். மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. என் அத்தையும் வந்திருந்தார். புறப்படும்போது என் மனைவி காப்பி கொடுக்க, அத்தை வேண்டாம் என்றார். வேனில் தண்ணீர் கொடுத்தோம், வேண்டாம். இளநீர் வெட்டினோம், அதுவும் வேண்டாம். "என்ன அத்தை, விரதமா?" என்றேன். "விரதமெல்லாம் இல்லப்பா. குடிச்சுட்டு எங்க போறது?" என்றார்.

நான் பெருமையோடு, "அங்கே புதிதாகக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், நீங்கள் தாராளமாகக் குடியுங்கள்" என்று சொல்லி இளநீரைக் கையில் திணித்தேன். போய்ச் சேர்ந்தோம். கழிப்பறை இருந்தது, ஓடு பதித்து, மயில் படம் வரைந்து, அழகாகவே இருந்தது. கதவில் பூட்டும் இருந்தது. காவலரைக் கேட்டோம், சாவி பெருக்குகிற அம்மாவிடம் என்றார். அந்த அம்மா நியாயவிலைக் கடைக்குப் போயிருந்தார். தேடிப் பிடித்தால், சாவி ஒப்பந்தக்காரரின் ஆளிடம் என்றார். அந்த ஆள் தேநீர்க் கடையில் இருந்தார். தன்னிடம் இருப்பது பைக் சாவி மட்டுமே என்று எடுத்தும் காட்டினார். முக்கால் மணி நேரம் கழித்துச் சாவி காவலரின் மேசை இழுப்பறையிலேயே அகப்பட்டது. திறந்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்! அவற்றின்மேல் சுருட்டி வைத்த பதாகை. என் பேரன் அதை விரித்து, எல்லார் காதிலும் விழும்படி எழுத்துக்கூட்டிப் படித்தான்: "சுற்றுலாப் பயணிகளே, வருக! வருக!"

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "வண்டிய எடுப்பா" என்றார். சிற்பத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

சிரிக்கிறீர்கள், நானும் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் இங்கே வந்திருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் வெளியூர்ப் பயணமென்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறீர்கள் என்பதை உங்கள் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டாலே தெரியும். சர்க்கரை நோயுள்ள பெரியவர், கைக்குழந்தைக்காரி, மாதவிடாய்க் காலத்துப் பெண் என்று வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைச் சிற்பி தீர்மானிப்பதில்லை, மன்னனும் தீர்மானிப்பதில்லை. மூன்று மணி நேரம் தங்கவேண்டிய குடும்பம் அரை மணியில் கிளம்பிவிட்டால், அங்கே மாங்காய்ப் பத்தை விற்கிறவருக்கும் அன்றைய பிழைப்பு போகிறது. உள்ளூர் மாடு விலை போகாது என்று நாம் மாட்டைப் பழிக்கிறோம். அதைத் தொழுவத்தில் எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் திறப்பு விழா உண்டு. நாள்தோறும் கழுவுகிறவருக்கான கூலிக்கு விழா எடுப்பாரில்லை. ஆகவே நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அன்று. ஏற்கெனவே உள்ளவற்றுக்குத் தண்ணீர் இணைப்பு, இருளுமுன் எரியும் விளக்கு, உட்புறத் தாழ்ப்பாள், சக்கர நாற்காலி ஏறும்படியான சாய்தளம், பராமரிப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்து மாதந்தோறும் தவறாத சம்பளம். சாவி யாரிடம் என்பதைக் கைப்பேசி எண்ணோடு கதவிலேயே எழுதிவைக்க வேண்டும். மாமன்ற உறுப்பினர் அம்மையார் குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் வார்டில் பூங்காக் கழிப்பறை ஒழுங்காக இயங்குவதை நானே பார்த்திருக்கிறேன், ஆதலால் நம்பிக்கையோடு சொல்கிறேன்.

நேரமாயிற்று என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் விளையாடும் இடங்களையும் பேருந்தையும் பற்றித் தொடவே இல்லை. அடுத்த கூட்டத்தில் அழைத்தால் சொல்கிறேன். கோரிக்கை மனு வாசலுக்கருகே மேசைமேல் இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். பெயருக்குக் கீழே வார்டு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்காக ஆண்கள் கையெழுத்திட வேண்டாம், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்களிடமே வாங்கி வாருங்கள். நன்றி, வணக்கம்.