பிஜியில் ஓர் ஊருக்குள் நுழைவதற்கு முன்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பசிபிக் தீவுகள் என்றவுடன் தென்னந்தோப்பும் நீலக் கடலும் வெண்மணற் கரையும் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தீவுகளில் வாழும் மக்களையும் அவர்களுடைய வழக்கங்களையும் அறிந்து வர விரும்புவோர் பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்பதைப் பிஜி நாட்டைக் கொண்டு இன்று சொல்கிறேன். ஒரே விடுமுறையில் நான்கைந்து நாடுகளைச் சுற்ற முயன்றால் நாட்களில் பெரும்பகுதி விமான நிலையங்களிலேயே கழிந்துவிடும். ஒரே நாட்டில் இரண்டு வாரம் தங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிஜியில் 330-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் மக்கள் வாழ்கின்றனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் மிகுந்த காலமாதலால், மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் பருவத்தின் பெரும்பகுதியும், தலைநகர் சுவாவின் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும் இக்காலத்துக்குள்ளேயே வருகின்றன.

திட்டத்தில் எல்லாவற்றுக்கும் முதலாக நான் வைப்பது ஒரு கட்டு வேர். பிஜியின் நிலத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பூர்வகுடிக் குலங்களின் பொதுச் சொத்து; ஆளரவமில்லாத அருவிக்கும் உரியவர்கள் இருப்பார்கள். ஆகவே அனுமதி பெறாமல் ஊருக்குள் நுழைவது தவறு. விருந்தினர் யங்கோனா என்னும் செடியின் காய்ந்த வேரைக் கட்டாக எடுத்துச் சென்று ஊர்ப் பெரியவர் முன் வைத்து வணங்கும் சடங்குக்குச் செவுசெவு என்று பெயர். பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, வந்த காரணத்தைச் சொல்லி வேரை முன்னே வைக்க, ஊரார் சார்பில் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு நல்வாக்குச் சொல்வார். அதற்குப் பிறகுதான் நீங்கள் அவ்வூரின் விருந்தாளி. பின்னர் வேரை இடித்து நீரில் பிசைந்து வடித்த பானத்தை, தனோவா என்னும் மரத்தொட்டியிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு தருவார்கள். ஒரு முறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துச் சிரட்டையைத் திருப்பித் தந்துவிட்டு மூன்று முறை கைதட்ட வேண்டும். நாக்கு சற்று மரத்துப்போகும், அஞ்ச வேண்டியதில்லை. இந்தச் செடி நம்முடைய மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவுச் செடி என்பதை அறிந்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். தாம்பூலம் வைத்து அழைக்கும் வழக்கமுடைய நமக்கு இந்தச் சடங்கின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊருக்குள் தொப்பியும் குளிர்கண்ணாடியும் அணியலாகாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். எவருடைய தலையையும் தொடக்கூடாது, குழந்தையின் தலையாயினும்.

பிஜியின் மற்றொரு பாதி வரலாறு கரும்பு வயல்களில் கிடக்கிறது. 1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. 1916 வரை வந்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அக்ரிமெண்ட் என்ற சொல் அந்தத் தொழிலாளர்களின் நாவில் கிர்மித் என்றாயிற்று. பாரதியார் நெஞ்சம் வெந்து பாடிய கரும்புத் தோட்டங்கள் இவைதாம். முதல் கப்பல் வந்ததை நினைவுகூரும் கிர்மித் நாள் 2023 முதல் அங்கே அரசு விடுமுறையாக உள்ளது.

அந்தத் தலைமுறையினர் 1926-ல் சாது குப்புசாமியின் தலைமையில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினர். பள்ளிகள் பலவற்றை அது இன்றும் நடத்திவருகிறது. நாண்டி நகரத்தின் முதன்மைச் சாலை முடியும் இடத்தில், 1994-ல் குடமுழுக்குக் கண்ட சிவசுப்பிரமணியர் கோயில் வண்ணச் சுதைச் சிற்பங்களோடு எழுந்து நிற்கிறது. அங்கே வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிஜி இந்தி; தமிழ் பெயரிலும் வழிபாட்டிலும் எஞ்சியிருக்கிறது. நம் மொழி கேட்டு முகம் மலரும் முதியவரைக் கண்டால், அவசரப்படாமல் அருகில் அமர்ந்து பேசுங்கள். படம் எடுப்பதற்கு ஒதுக்கும் நேரத்தை அதற்கு ஒதுக்கலாம்.

இன்னும் இரண்டு நாட்கள் மிஞ்சினால் சுவா அருங்காட்சியகத்தையும், ஒவலாவ் தீவிலுள்ள பழைய தலைநகரான லெவுக்காவையும் பாருங்கள். 1874-ல் பிஜி பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்ட ஊர் அது. 2013-ல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பெயர்களைச் சரியாக உச்சரிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். பிஜி மொழியில் ஆங்கில டி எழுத்துக்கு முன்னால் ஒரு மூக்கொலி சேர்ந்து வருவதால், எழுத்தில் நாடி எனக் காணப்படும் ஊர் பேச்சில் நாண்டி ஆகிறது. பி எழுத்துக்கு முன்னாலும் அவ்வாறே மூக்கொலி சேர்வதால், நெருப்பில் காய்ந்த கற்கள்மேல் நடப்போர் வாழும் தீவின் பெயர் ம்பெங்கா என ஒலிக்கிறது. மெல்லினத்தையும் வல்லினத்தையும் இணைத்தே பேசும் நமக்கு இது எளிது.

யங்கோனா வேர் நகரச் சந்தைகளில் கிடைக்கும். ஊருக்கு அரைக் கிலோ போதும். சனிக்கிழமைக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, ஊர்களுக்குச் செல்வதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். ஞாயிறு அவர்களுக்குத் தேவாலயத்துக்கும் குடும்பத்துக்கும் உரிய நாள்.

வணக்கம்.