கை அழுக்கோட கேக்கற ஜெபம்: லியான் பிரிட்ஜஸ் பாடின 'ரிவர்'

பிரியமான தம்பிகளே, தங்கச்சிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னிக்கு நான் பேசப்போறது ஒரு அமெரிக்கப் பாட்டப் பத்தி. சர்ச் பாட்டுப் புத்தகத்துல இருக்கற பாட்டு இல்ல இது. 2015ல 'கமிங் ஹோம்'னு ஒரு சோல் ஆல்பம் வந்துச்சு (சோல்ங்கறது அமெரிக்கக் கறுப்பின மக்களோட ஒரு பாட்டு வக), அதுல முக்கால்வாசி காதல் பாட்டுங்க, எல்லாம் முடிஞ்சு கடைசியா வர்ற பாட்டு 'ரிவர்', அதாவது ஆறு. பாடினவர் லியான் பிரிட்ஜஸ், டெக்சாஸ்ல ஃபோர்ட் வொர்த்ல வளர்ந்தவர், பேர் வெளிய தெரியறதுக்கு முன்னாடி ஒரு ரெஸ்டாரன்ட்ல பாத்திரம் கழுவிட்டு இருந்தவர்.

பாட்டக் கேட்டா 1960கள்ல பதிவு பண்ணதுன்னுதான் தோணும். ஃபோர்ட் வொர்த்துலயே பழைய காலத்து ரெக்கார்டிங் சாமான்கள வச்சு எடுத்த ஆல்பம் அது, அதனால அந்த சத்தம். இந்தப் பாட்டுல பெரிய வாத்தியக் கூட்டமெல்லாம் கிடையாது, ஒரு கிட்டார், ஒரு டாம்பரின், பின்னாடி சர்ச் கொயர் மாதிரி சில குரல்கள், அவ்வளவுதான். இங்க ஒண்ணு சொல்லிடறேன், பழைய சத்தமா இருக்கறதாலயே ஒரு பாட்டு பரிசுத்தமாயிடாது. எரேமியா புஸ்தகத்துல பூர்வ பாதைகளைக் கேட்டு விசாரியுங்கள்னு வருதில்ல, அதத் தூக்கிட்டு வந்து ரெட்ரோ பாட்டுக்கு ஒட்ட வைக்கறது சரியில்ல. பாட்டு என்ன சொல்லுதுன்னுதான் பாக்கணும்.

நம்ம சபைகள்ல இன்னமும் கேக்கற கேள்வி, உலகப் பாட்டு கேக்கலாமா கூடாதாங்கறது. அமெரிக்கக் கறுப்பினச் சபைகள்ல இந்தச் சண்டை ரொம்ப ஆழமா நடந்துச்சு, ஏன்னா சோல் மியூசிக்கே சர்ச்சுக்குள்ள இருந்து வெளிய போனதுதான். சாம் குக் 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவுல கோஸ்பல்ங்கற சபைப் பாட்டு பாடிட்டு இருந்தவர், 1956ல பதிவு பண்ண காதல் பாட்டு ஒண்ண வெளியிட்டப்போ தன் பேர்ல போடாம டேல் குக்னு பேர மாத்திப் போட்டார், கோஸ்பல் ஜனங்க கோவிச்சுக்குவாங்கன்னு. அந்தக் காதல் பாட்டோட ராகமே அவர் ஆண்டவருக்குப் பாடின ஒரு பாட்டோட ராகம்தான்! அல் கிரீன்ங்கற சோல் பாடகர் 1974ல ஆத்துக்குக் கூட்டிட்டுப் போ, என்ன முழுக்குன்னு ஒரு பாட்டு பாடினார், அதுல காதலியும் ஞானஸ்நானமும் பிரிக்க முடியாம கலந்து கிடக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அவரே மெம்ஃபிஸ்ல ஒரு சபைக்குப் பாஸ்டர் ஆயிட்டார். சர்ச்ல இருந்து வெளிய போன இசை, திரும்பித் திரும்பி சர்ச் வாசலப் பாத்துட்டே இருந்துச்சு. 'ரிவர்' பாட்டுல அந்தக் கலப்பு கிடையாது, காதலி யாரும் வரல, நேரடியா ஆண்டவர்கிட்ட பேசற ஜெபம் அது.

இப்ப வார்த்தைகளுக்கு வருவோம். முதல்லயே அவர் சொல்றது, ரொம்ப காலமா விசாலமான ரோட்டுல சுத்திட்டேன், மனசு உம்மவிட்டு பத்தாயிரம் மைல் தள்ளி இருக்குன்னு. மத்தேயு 7ல இயேசு சொன்ன விசாலமான வழி ஞாபகம் வருதா? பக்கத்துல வரணும், என்ன முழுசா கொடுக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா கையில ரத்தக்கறை, உதடு அசுத்தம். இந்த ரெண்டும் சும்மா எழுதின வரி இல்ல, ரெண்டுமே ஏசாயால இருக்கு. 1ம் அதிகாரத்துல கர்த்தர், நீங்க எவ்வளவு ஜெபம் பண்ணாலும் கேக்கமாட்டேன், உங்க கை ரத்தத்தால நிறைஞ்சிருக்குன்னு சொல்றார். 6ம் அதிகாரத்துல ஏசாயா சிங்காசனத்தப் பாத்துட்டு, ஐயோ அதமானேன், நான் அசுத்த உதடுள்ளவன்னு கதறுறார். கையும் போச்சு வாயும் போச்சுன்னா ஒரு மனுஷன் எத வச்சு ஆராதிக்கறது? கை உயர்த்த முடியாது, வாய் திறக்க முடியாது. அந்த நிலமையிலதான் இந்த ஆள் வாயத் திறக்கறார். எனக்கு இந்தப் பாட்டுலயே பெரிய பாடம் இதுதான், தன்ன சுத்தம் பண்ணிட்டு வந்து ஜெபிக்கலாம்னு அவர் காத்திருக்கல, அந்த அழுக்கையே ஜெபமாக்கிட்டார். நம்மள்ல எத்தன பேரு, ஒரு தப்புல விழுந்துட்டோம், இப்ப எந்த மூஞ்சிய வச்சுகிட்டு சர்ச்சுக்குப் போறதுன்னு மாசக்கணக்குல வீட்லயே உக்காந்துடறோம்? சரியாகிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க எத்தன பேரு இன்னும் வரல.

அப்புறம் அம்மா வர்றாங்க. இருட்டுல இருக்கும்போது அம்மா சொன்னது ஞாபகத்துக்கு வருது, கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடு, அவர் உன் கணக்கையே அழிச்சிடுவார்னு. பிரசங்கியார் சொன்னது இல்ல, அம்மா சொன்னது! இங்க இருக்கற அம்மாக்கள் இதக் கவனிங்க, பிள்ள கேக்கற மாதிரியே தெரியலன்னாலும் சொல்லிட்டே இருங்க. தீமோத்தேயுவோட விசுவாசம் முதல்ல பாட்டி லோவிசாள்கிட்டயும் அம்மா ஐனிக்கேயாள்கிட்டயும் இருந்துச்சுன்னு பவுல் பேர் போட்டு எழுதி வச்சிருக்கார். இந்தப் பாட்டு வந்த காலத்தப் பத்தி பிரிட்ஜஸே சொல்லியிருக்கார், அம்மாவையும் தன்னையும் காப்பாத்த பல வேல பாத்துட்டு, வழியே தெரியாம கிடந்தப்போ கையில மிஞ்சினது கடவுள் மேல இருந்த நம்பிக்க மட்டும்தான்னு.

அடுத்து அந்தக் கோரஸ், உம்ம ஆத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போங்கன்னு. நான் போறேன்னு சொல்லல பாருங்க, கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சறார். இதுக்கு நேர் எதிரா நின்னவர் நாகமான். சீரியாவோட படைத்தலைவர், உடம்பெல்லாம் குஷ்டம், எலிசா யோர்தான்ல ஏழு தடவ முழுகுன்னு சொல்லி அனுப்பினதும் கோவம் வந்துச்சு, எங்க தமஸ்குல ஆப்னாவும் பர்பாரும் இருக்கே, இஸ்ரவேல் தண்ணியெல்லாம் விட அது நல்லா இருக்குமேன்னு திரும்பிட்டார். நமக்குப் புடிச்ச ஆறு, நமக்கு வசதியான ஆறுன்னு தேடற வரைக்கும் குஷ்டம் போகாது. பாட்டுல அவர் கேக்கறது உம்ம ஆறு, என் ஆறு இல்ல.

யோர்தான்னு சொன்னா அமெரிக்கக் கறுப்பினச் சனங்களுக்கு நம்மளவிட ஆழமான நினைவு உண்டு. அடிமையா இருந்தவங்க ஸ்பிரிச்சுவல்ஸ்ங்கற அவங்க பக்திப் பாட்டுகள்ல யோர்தானக் கடக்கறதப் பத்திப் பாடினப்போ பரலோகமும் அதுதான், விடுதலையும் அதுதான், ஒஹையோ ஆத்தத் தாண்டினா அடிமைத்தனம் இல்லாத மாநிலம்னு அவங்களுக்குத் தெரியும். சர்ச் கட்டடத்துல தொட்டி இல்லாத ஊர்கள்ல வெள்ள அங்கி போட்டு ஆத்துலயே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாங்க, கரையில சபையே நின்னு பாடும். 'ரிவர்' வீடியோவும் 2016ல பால்டிமோர்ல எடுத்தாங்க, அதுக்கு முந்தின வருஷம்தான் ஃப்ரெடி கிரேங்கற இளைஞர் போலீஸ் காவல்ல காயப்பட்டு இறந்து அந்த ஊரே கொதிச்சுப்போயிருந்துச்சு. பாவமன்னிப்பு பத்தின பாட்ட அங்க கொண்டுபோய் வச்சது சரின்னுதான் நான் நினைக்கறேன், தனிமனுஷன் பாவத்த மட்டும் பேசிட்டு தெருவுல ஓடற ரத்தத்தப் பேசாத சபைக்கு ஏசாயா 1ம் அதிகாரத்த முழுசா வாசிக்கவே முடியாது, ரத்தம் நிறைஞ்ச கையச் சொன்ன உடனேயே அநாதைக்கும் விதவைக்கும் நியாயம் செய்யுங்கள்னு வருது.

ரெண்டாவது பகுதியில ஒரு வரி வருது, நிறைய குத்தம் பண்ண ஆளா உள்ள போறேன், மூச்சு வாங்க மேல வர்றப்போ என் பாவமெல்லாம் யோர்தானோட போயிட்டு இருக்குன்னு. ரோமர் 6ல ஞானஸ்நானத்த அடக்கம்னே பவுல் சொல்றார், உள்ள போற ஆள் வேற, வர்ற ஆள் வேற. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. யோர்தான் போய் விழறது சவக்கடல்ல, அங்க இருந்து வெளிய போற ஆறே கிடையாது. மீகா 7ல நம்ம பாவங்களையெல்லாம் சமுத்திர ஆழத்துல போட்டுடுவார்னு எழுதியிருக்கே!

மத்தேயு 3ல இன்னொண்ணு இருக்கு, என்ன ரொம்ப உலுக்கற இடம் அது. ஜனங்க வரிசையா வந்து பாவத்த அறிக்கையிட்டு யோர்தான்ல முழுக்கு எடுத்துட்டு இருக்காங்க, அந்தத் தண்ணியிலயேதான் பாவமே இல்லாத இயேசுவும் வந்து இறங்கறார். யோவான் வேண்டாம்னு தடுக்கறார், இவர் கேக்கல. நம்ம கழுவிவிட்ட தண்ணியில அவர் நிக்கறார். பத்தாயிரம் மைல் தூரத்தப் பாடினவரால பத்தாயிரம் மைல் நடந்து வர முடிஞ்சிருக்காது, கெட்ட குமாரன் கதையிலயும் தூரமா வரும்போதே பாத்துட்டு ஓடினது அப்பாதான்.

அந்த ஆள் நெஜமாவே ஆத்துல இறங்கினாரான்னு பாட்டு முடிவா சொல்லல, உள்ள போறேன்னு பாடினதுக்கு அப்புறமும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுகிட்டே இருக்கும்போதே முடிஞ்சிடும். சாட்சி சொல்ல இன்னும் ஒண்ணும் இல்லாதவங்க, நேத்து ராத்திரி கூட தவறினவங்க இங்க உக்காந்திருப்பீங்க, உங்களுக்காகத்தான் இந்தப் பாட்ட இன்னிக்கு எடுத்தேன். இப்ப ஸ்பீக்கர்ல போடுவாங்க, இங்கிலீஷ் புரியலன்னா பரவாயில்ல, என்ன சொல்றார்னு இப்ப உங்களுக்குத் தெரியும். முடிஞ்சதும் சங்கீதம் 51ஐ எல்லாரும் சேர்ந்து சத்தமா வாசிப்போம், ஜெபிக்கணும்னு இருக்கறவங்க முன்னால வாங்க, நாங்க கூட இருக்கோம்.